மேற்கே தெரிந்த பச்சை

பூமிநாதனுக்கு ஜெசிந்தா தும்மினால்கூடப் பிடிக்காது.

அவள் செய்த குற்றம் ஒன்றுதான். அவருக்குப் பின்னால் வந்து சேர்ந்தாள். சேர்ந்த வேகத்தில் அவருக்கு முன்னால் போய் நின்றாள்.

அந்த இடத்தில் தும்மல் சகஜம். ஒரு காலத்தில் அது மிளகாய் வற்றல் கிடங்கு. சுற்றிலும் ராமநாதபுரத்துப் பொட்டல். இப்போது அங்கே ‘மேய்ச்சல் நில ஆய்வுக்கூடம்’ என்று பலகை தொங்கியது, உள்ளே கணினிகள் ஓடின. சுவரில் ஊறிய நெடி மட்டும் போகவில்லை. எல்லாரும் தும்மினார்கள். ஜெசிந்தாவின் தும்மல் மட்டும் பூமிநாதன் காதில் தனியாக விழுந்தது.

ஆய்வுக்கூடத்தை நடத்தியவர் உலகம்மை. எல்லாருக்கும் அவர் டீச்சர். வயதில் மூத்தவரான பூமிநாதனுக்கும் டீச்சர்தான். கால்நடை ஆஸ்பத்திரியில் ஆட்டுக்கும் மாட்டுக்கும் ஊசி போட்டுக்கொண்டிருந்த உத்தியோகத்தை உதறிவிட்டு, தலை நரைத்த பிறகு கணினி படிக்க வந்து உட்கார்ந்த சீடர் அவர். வீட்டில் சிரித்தார்கள். ஊரிலும் சிரித்தார்கள். டீச்சர் மட்டும் சிரிக்காமல் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். அன்றிலிருந்து அந்த அம்மாவின் வலது கை தான்தான் என்று பூமிநாதன் நம்பிவந்தார்.

அங்கே நடந்த வேலை இது. அறுவடை முடிந்ததும் அந்தப் பக்கத்துச் செம்மறி மந்தைகள் கிளம்பிவிடும். புல் இருக்கிற ஊரைத் தேடி மாதக்கணக்கில் நடக்கும். இரவில் வயல்களில் தங்கும். அந்தத் தங்கலுக்குக் கிடை என்று பெயர்; எருவுக்காக வயல்காரர்கள் கூலி கொடுப்பார்கள். மந்தைக்குத் தலைவரான கீதாரிதான் எந்தப் பக்கம் போவது என்று முடிவு செய்வார். இந்த நடமாட்டம் முழுவதையும் கணினிக்குள் கட்டிப் பார்த்தார்கள். திரையில் ஒவ்வொரு மந்தையும் ஒரு புள்ளி. வானத்திலிருந்து எடுத்த படத்தில் எங்கே பச்சை, எந்தக் கண்மாயில் தண்ணீர், எந்த ஊரில் அறுப்பு முடிந்தது என்று எல்லாவற்றையும் உள்ளே கொடுத்துவிட்டால் புள்ளிகள் தாமாக நகரும். அவை போகும் வழியை வைத்து, வரப்போகும் பருவத்துக்கு ஒரு படம் போட்டுக் கீதாரிகளுக்கு அனுப்புவார்கள்.

போன வருடம் வரை அந்தப் படத்தைப் போட்டது பூமிநாதன் கட்டிய மாடல். கீழே அவர் பெயர் இருக்கும். அதைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொள்வதில் அவருக்கு ஒரு தனி இன்பம்.

பிறகு தூத்துக்குடியிலிருந்து ஜெசிந்தா வந்தாள். கடற்கரைப் பெண். செம்மறிக்கும் வெள்ளாட்டுக்கும் வித்தியாசம் கேட்டவள். அவளும் ஒரு மாடல் கட்டினாள்.

டீச்சர் அவளை ‘ஜெசி’ என்று கூப்பிட்டார். இத்தனை வருடத்தில் பூமிநாதனை ஒருநாளாவது ‘பூமி’ என்று கூப்பிட்டிருப்பாரா? முழுப் பெயர்தான். ரேஷன் கார்டில் இருக்கிற மாதிரி.

இது போதாதென்று அந்தப் பெண் அவரை ‘அண்ணாச்சி’ என்றது. அந்த மரியாதையே அவருக்கு எரிச்சலாக இருந்தது. மரியாதை இல்லாமல் பேசினாலாவது டீச்சரிடம் போய்ச் சொல்லலாம்.

அந்த வருடம் மழை ஏமாற்றிவிட்டது. வழக்கமாகப் போகிற கிழக்கிலும் வடக்கிலும் கண்மாய்கள் வெடித்துக் கிடந்தன. எங்கே போவது என்று தெரியாமல் கீதாரிகள் படத்துக்குக் காத்திருந்தார்கள்.

ஒரு காலையில் டீச்சர் சொன்னார்: “இந்தத் தடவை ஜெசியோட மாடல் போகட்டும்.”

 ஜெசிந்தா அறையை விட்டுப் போகும்வரை பூமிநாதன் பொறுத்திருந்தார்.

“டீச்சர், என் மாடல்ல என்ன குறை?”

டீச்சர் பக்கத்துப் பக்கத்தில் இருந்த இரண்டு திரைகளைத் திருப்பினார். ஒன்றில் பூமிநாதனின் மாடல். மற்றதில் ஜெசிந்தாவுடையது. இரண்டிலும் மந்தைகள் போகும் வழியில் ஒரே கண்மாயைத் தேர்ந்தெடுத்து, அதில் தண்ணீர் கெட்டுவிட்டது என்று மாற்றினார். பிறகு ஓடவிட்டார்.

பூமிநாதனின் திரையில் முதல் மந்தை கண்மாய்க்குப் போய் ஏமாந்து திரும்பியது. அடுத்த மந்தை போய் ஏமாந்து திரும்பியது. அதற்கடுத்ததும் அப்படியே. கடைசி மந்தை வரைக்கும் ஒவ்வொன்றாகப் போய் முட்டிக்கொண்டு வந்தன.

ஜெசிந்தாவின் திரையில் முதல் மந்தை மட்டும்தான் கண்மாய்வரை போனது. அது திரும்பி வருகிற வழியில் எதிர்ப்பட்ட மந்தைகள் எல்லாம் அங்கேயே ஒதுங்கி வேறு பாதை பிடித்தன.

“இதென்ன டீச்சர் கூத்து?” என்றார் பூமிநாதன். “ஒரு மந்தை இன்னொரு மந்தைக்குச் சொல்லுதாக்கும்? கிடை போடுற வயலுக்கு அடிச்சுக்கிற ஆளுங்க. போட்டிக்காரன்கிட்ட எவனாவது உண்மையைச் சொல்லுவானா?”

“வயலைப் பத்திச் சொல்ல மாட்டாங்க. வழியைப் பத்திச் சொல்லுவாங்க.”

“யாரு சொன்னா?”

டீச்சர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

“ரெண்டு கீதாரிங்க. பொண்ணு எடுத்ததுல தகராறு. பேச்சுவார்த்தை கிடையாது, ஒருத்தன் மூஞ்சியில ஒருத்தன் முழிக்கிறதில்லை. ஒரு நாள் ஒருத்தன் மந்தையோட வர்றான், மத்தவன் எதிர்ல போறான். போறவன் போற கண்மாய்ல தண்ணி கெட்டுக் கிடக்கு. வர்றவனுக்கு அது தெரியும். ஆனா பேசக்கூடாதே, என்ன செய்வான்?”

“பேசாமப் போயிருப்பான்.”

“அதான் இல்லை. தன் ஆட்டைப் பார்த்துச் சத்தமாத் திட்டினானாம். ‘ஏ கழுதைகளா, அந்தக் கண்மாய்த் தண்ணியில வாயை வைக்காதீங்கன்னு எத்தனை தடவை சொன்னேன், இப்பக் கழிஞ்சுக்கிட்டு வர்றீங்களே’ன்னு. எதிர்ல போனவனும் அவனைப் பார்க்கலை. தன் ஆட்டைப் பார்த்து, ‘சரி சரி, கேட்டுச்சுல்ல? திரும்புங்க’ன்னு மடக்கிக்கிட்டானாம்.”

கதவுக்கு வெளியே ஜெசிந்தா சிரிக்கும் சத்தம் கேட்டது. பூமிநாதன் சிரிக்கவில்லை. நல்ல கதைதான். வேறு யாருடைய மாடலுக்காகச் சொல்லியிருந்தாலும் அவரும் சிரித்திருப்பார்.

“நீங்க ஒரு தடவை அவ படத்தை முழுசாப் பார்த்துக் கொடுங்க” என்றார் டீச்சர். “ஆட்டு வைத்தியம் தெரிஞ்ச ஆள் இங்க நீங்க ஒருத்தர்தான். நாளைக்கு அனுப்பிடலாம்.”

பூமிநாதன் படத்தை எடுத்துக்கொண்டு தன் இடத்துக்குப் போனார். குறை கண்டுபிடித்தே தீருவது என்று சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார்.

தண்ணீர் சரியாக இருந்தது. தூரம் சரியாக இருந்தது. குட்டி போட்ட ஆடுகளுக்கு நடை குறைவு என்பதைக்கூட அந்தப் பெண் மறக்கவில்லை. பார்க்கப் பார்க்க அவருக்கு முகம் சுண்டியது. கெட்டிக்காரிதான், சந்தேகமே இல்லை. அதுதான் தாங்கவில்லை.

அப்புறம் மேற்குப் பக்கம் பார்த்தார்.

எல்லாப் புள்ளிகளும் கடைசியில் மேற்கே, கரிசல் காட்டுக்குள் போய்ச் சேர்ந்தன. அங்கே ஒரு பெரிய பச்சை. மாசியில் அந்தப் பக்கம் மட்டும் தப்பிப் பெய்த மழை. ஊரெல்லாம் காய்ந்து கிடக்க, அங்கே மட்டும் தளதளவென்று பச்சை. கணினிக்கு வேறு என்ன வேண்டும்? மந்தைகளை எல்லாம் அங்கே அனுப்பிவிட்டது.

அது என்ன பச்சை என்று பூமிநாதன் தேடினார். நிலத்தில் என்ன பயிர் என்பதும் கணினிக்குள் இருந்தது. சோளம். தை மாதம் அறுத்த சோளம். அறுத்த கட்டையில் மழை விழுந்து மறுபடி துளிர்த்திருக்கிறது.

அவர் கை நின்றது.

வறட்சியில் காய்ந்த சோளக் கட்டையிலிருந்து மறுபடி துளிர்க்கும் மறுதாம்பு ஆட்டுக்கு விஷம். ஆஸ்பத்திரி நாட்களில் அதைக் கண்ணால் பார்த்தவர் அவர். காலையில் நன்றாக இருந்த ஆடு, தாம்பைத் தின்றுவிட்டு நடுங்கும், நுரை தள்ளும், காலை உதைத்துக்கொண்டு விழும். ஊசியை எடுப்பதற்குள் முடிந்துவிடும். ஒருமுறை ஒரு பெண் செத்த ஆட்டின் தலையை மடியில் வைத்துக்கொண்டு, ஊசி போடுங்கள் போடுங்கள் என்று அவர் காலைப் பிடித்திருக்கிறாள்.

இது கடற்கரைப் பெண்ணுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை.

பூமிநாதன் எழுந்தார். டீச்சரிடம் சொல்லத்தான் எழுந்தார். கதவருகே போனபோது உள்ளே டீச்சர் பேசுவது கேட்டது.

“ஜெசி, இந்த வருஷம் இந்தப் படம் நல்லபடியாப் போச்சுன்னா இனிமே இதை நீயே பார்த்துக்கோ.”

பூமிநாதன் திரும்பி வந்து உட்கார்ந்துவிட்டார்.

கீதாரிகளுக்குத் தெரியாதா என்ன, என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். தாம்பைக் கண்ணால் பார்த்தால் விலகிப் போய்விடுவார்கள். படம் தப்பு என்று கோபத்தில் போன் செய்வார்கள். அவ்வளவுதான். ஜெசியின் மாடல் மூலைக்குப் போகும். தன்னுடையது திரும்பி வரும். யாருக்கும் நஷ்டமில்லை.

நாள்கணக்கில் பட்டினியாக நடந்து வரும் மந்தை, பச்சையைக் கண்டால் எந்தக் கீதாரியின் கம்புக்கும் அடங்காது என்பது அவருக்குத் தெரியும். அந்த நினைப்பு வரும்போதெல்லாம் எழுந்து போய்த் தண்ணீர் குடித்தார். அன்று சாயங்காலம் வரை நிறையத் தண்ணீர் குடித்தார்.

கிளம்பும்போது டீச்சர் கேட்டார்: “பார்த்துட்டீங்களா?”

“பார்த்துட்டேன் டீச்சர்.”

“எப்படி?”

“ஒரு குறையும் இல்லை.”

டீச்சர் அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். “அப்படியா, சரி” என்றார்.

மறுநாள் காலை பூமிநாதன் வந்தபோது, டீச்சரும் ஜெசிந்தாவும் ஏற்கெனவே மேசை முன்னால் இருந்தார்கள். ஜெசிந்தாவின் முகம் வாடியிருந்தது. திரையில் அதே படம். மேற்கே அதே பச்சை. கீழே மட்டும் எழுத்து மாறியிருந்தது: ‘மாடல்: பூமிநாதன்’.

பூமிநாதன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார்.

“ரெண்டு பேர் மாடலையும் மாத்திட்டேன்” என்றார் டீச்சர். “இனிமே இது உங்களுது. உங்களோடதை ஜெசி பார்த்துக்குவா.”

“எதுக்கு டீச்சர்?”

“நீங்கதானே குறையே இல்லைன்னீங்க. குறை இல்லாத பொருளை மூத்தவருக்குக் கொடுக்கிறதுதானே முறை.”

நேற்று ராத்திரி கனவிலாவது இப்படி நடக்காதா என்று ஏங்கிய மனிதர் அவர். இப்போது நடந்துவிட்டது. ஆனால் அவர் நின்ற இடத்திலேயே நின்றார்.

ஜெசிந்தா எழுந்து அவருக்கு நாற்காலியை விட்டாள். அழாமல் இருக்கப் பெரும்பாடு பட்டாள் என்பது தெரிந்தது.

“அண்ணாச்சி, எல்லாம் உள்ளதான் இருக்கு. புரியலைன்னா கேளுங்க. மேற்கால அந்தப் பச்சை மட்டும்தான் எனக்கு என்னமோ உறுத்திக்கிட்டே இருந்துச்சு. எங்கயுமே இல்லாத பச்சை அங்க மட்டும் எப்படின்னு. நீங்க பார்த்துட்டுச் சரின்னுட்டீங்கன்னு டீச்சர் சொன்னாங்க. அப்புறம்தான் தூக்கமே வந்துச்சு.”

பூமிநாதன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

அதற்குள் டீச்சரின் போன் அடித்தது. நல்லாண்டி கீதாரி. அந்தச் சுற்றுவட்டாரத்து மந்தைகளுக்கெல்லாம் அவர் கிளம்பினால்தான் கிளம்பல். டீச்சர் ஒலிபெருக்கியைப் போட்டார்.

“டீச்சரம்மா, படம் எப்ப வரும்? ஆடு நிக்க மாட்டேங்குது. கட்டுத்தறிக் கயித்தைத் திங்க ஆரம்பிச்சிருச்சு. இன்னைக்குப் பொழுதுக்குள்ள கிளம்பணும்.”

“இந்த வருஷப் படம் பூமிநாதனோடது. அவர்கிட்டயே கேளுங்க” என்று டீச்சர் போனை அவர் கையில் வைத்தார்.

“யாரு, நம்ம ஊசிக்காரரா?” கீதாரியின் குரல் மலர்ந்துவிட்டது. “அப்ப நான் படத்தையே பார்க்க வேணாம். ஆட்டுக்கு நோவு தெரிஞ்ச ஆளு. நீங்க வாயால சொல்லுங்க சாமி, நான் மந்தையை அந்தப் பக்கமே பத்துறேன். எந்தப் பக்கம் போகட்டும்?”

பூமிநாதன் திரையில் மேற்குப் பச்சையைப் பார்த்தார். 

“மேற்க பச்சை கிடக்குன்னு ஒரு பேச்சு அடிபடுது. மேற்க போகட்டுமா?”

“போகாதீங்க!”

அந்தக் கத்தலில் ஜெசிந்தா ஒரு அடி பின்வாங்கினாள்.

“மேற்க போகாதீங்க கீதாரி. அது புல்லு இல்லை. சோளத் தாம்பு. மழையில துளுத்தது. யார் கிளம்பியிருந்தாலும் போன் போட்டு நிறுத்துங்க. புதுப் படம் மத்தியானத்துக்குள்ள வரும்.”



“சோளத் தாம்பா? அடி ஆத்தி! சாமி, நீங்க நல்லா இருக்கணும். உங்க புள்ளகுட்டி நல்லா இருக்கணும்.” போன் அணைந்தது.

அந்த வாழ்த்து பூமிநாதனுக்குச் செருப்படியாக இருந்தது.

ஜெசிந்தா திரையில் பயிர்களின் பெயரைத் தேடிப் போய்விட்டாள். “சோளம்னு இருக்கு. இங்கேயே இருக்கு. நான்தான் பார்த்தும் புரியாம இருந்திருக்கேன்” என்று உதட்டைக் கடித்துக்கொண்டாள். பிறகு அவரை நிமிர்ந்து பார்த்தாள். “நல்லவேளை அண்ணாச்சி, இப்பவாச்சும் உங்க கண்ணுல பட்டுச்சே.”

டீச்சர் ஜெசிந்தாவைக் காப்பி போட்டு வரச் சொன்னார். அவள் போனதும் கதவைச் சாத்தினார்.

“நேத்தே பார்த்துட்டீங்களா?”

பூமிநாதன் தலையாட்டினார்.

“உங்களுக்கும் தெரியுமா டீச்சர்?”

“எனக்குச் சோளத்தைப் பத்தி என்ன தெரியும்? உங்களைத்தான் தெரியும். அந்தப் பொண்ணு போடுற காப்பியில சூடு குறைவு, சீனி அதிகம், டம்ளர்ல விளிம்பு சரியில்லைன்னு சொல்ற ஆளு நீங்க. அவளோட ஒரு வருஷ உழைப்பைப் பார்த்துட்டு ஒரு குறையும் இல்லைன்னீங்க. எனக்குத் தூக்கம் போச்சு.”

பூமிநாதன் முகத்தை மூடிக்கொண்டார். அவருக்கு அழ வேண்டும் போல் இருந்தது. ஐம்பதைத் தாண்டிய ஆள், மீசை வைத்த ஆள், ஒரு சின்னப் பெண்ணின் மேல் உள்ள வயிற்றெரிச்சலில் ஒரு வட்டாரத்து ஆட்டையே கொல்லப் பார்த்தோமே என்று குன்றிப்போனார்.

“அவகிட்ட நானே சொல்லிடுறேன்” என்றார்.

“சொல்லுங்க.”

காப்பி வந்தது. பூமிநாதன் சொன்னார். ஒளிக்காமல் சொன்னார். ஜெசிந்தா கேட்டுக்கொண்டே நின்றாள். டம்ளரை மேசையில் வைத்த சத்தம் மட்டும் கொஞ்சம் பலமாக இருந்தது. பிறகு தன் நாற்காலியை இழுத்து அவர் பக்கத்தில் போட்டு, “எது எது தாம்பு, எது எது புல்லுன்னு சொல்லுங்க. நேரம் இல்லை” என்றாள். அண்ணாச்சி என்ற சொல் அதில் இல்லை. பூமிநாதனுக்கு அது சுருக்கென்று தைத்தது. நேற்றுவரை அந்தச் சொல் வேண்டாம் என்றிருந்தவர்தான்.

இரண்டு பேரும் உட்கார்ந்து வேலை செய்தார்கள். அவர் ஆட்டுக்கு ஆகாத பயிர்களைச் சொல்லச் சொல்ல, அவள் அவற்றைப் பச்சையிலிருந்து நீக்கினாள். மறுபடி ஓடவிட்டார்கள். புள்ளிகள் மேற்கே கொஞ்ச தூரம் போயின, தயங்கின, ஒன்றைப் பார்த்து ஒன்று விலகித் தென்மேற்கே மலையடிவாரத்துக் கொழுக்கட்டைப் புல்லுக்குத் திரும்பின. பூமிநாதன் தன்னை அறியாமல் மேசையைத் தட்டினார். ஜெசிந்தாவின் முகத்திலும் லேசாகச் சிரிப்பு வந்தது. வந்ததும் அதை மறைத்துக்கொண்டாள்.

படம் தயார். அவள் முகம் கழுவப் போனாள்.

டீச்சர் வந்து திரையைப் பார்த்தார். அனுப்ப வேண்டியதுதான் பாக்கி. கீழே பெயர் போடும் இடம் காலியாக இருந்தது.

பூமிநாதன் நெளிந்தார். எழுந்தார், உட்கார்ந்தார். கேட்கக்கூடாது என்றுதான் நினைத்தார். ஆனால் அந்தக் காலி இடத்தைப் பார்க்கப் பார்க்க, காலையில் செத்துவிட்டது என்று நினைத்த அதே எரிச்சல் உள்ளே மெல்லக் கண் விழித்தது. சோளத்தைக் கண்டுபிடித்தது யார்? கீதாரி வாழ்த்தியது யாரை?

“டீச்சர்.”

“ம்.”

“கீழே யார் பேரைப் போடப் போறீங்க?”

டீச்சர் விசைப்பலகையை அவர் பக்கம் நகர்த்தினார்.

“எந்தப் பேரைப் போட்டா ஆடு சாகாதுன்னு சொல்லுங்க. அதைப் போட்டுடலாம்.”